அம்பாசிடர் 1489 சிசி என்ஜினுக்கு மாற்று கிராங்க்: பழைய மால், புது மால், வெல்டிங் மால்

முடிவை முதலில் சொல்லிவிடலாம். அம்பாசிடரின் பழைய பெட்ரோல் என்ஜினுக்கு இன்று வாங்கக்கூடிய கிராங்க் ஷாஃப்ட்களில் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) முதல் இடம், கழித்த என்ஜினிலிருந்து இறக்கிய ஒரிஜினலுக்குத்தான். அதுவும் ஸ்டாண்டர்டு சைஸிலோ, பத்து தௌ கிரைண்டிங்கிலோ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; அவ்வளவு அரைத்துக் குறைத்தது) நின்று, கிராக் டெஸ்ட்டில் தேறியிருந்தால். பெட்டி பிரிக்காத பழைய கம்பெனி ஸ்டாக் அதைவிட மேல்தான். ஆனால் அதை நம்பி என்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார முடியாது. புதிதாக அடித்து விற்கும் கிராங்க் அடுத்தது. வெல்டிங் வைத்து ஏற்றிய கிராங்க், வேறு வழியே இல்லாதவர்களுக்கு.

கடைக்குக் கிளம்பும் முன் எந்த என்ஜின் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். போனட்டுக்குள் இருப்பது வண்டியோடு பிறந்த என்ஜின்தான் என்று அம்பாசிடரில் யாரும் சத்தியம் செய்ய முடியாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸை வைத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை செய்த வண்டி இது. அதில் நெடுங்காலம் ஓடியது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் 1489 சிசி. போர் (சிலிண்டர் விட்டம்) 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 88.9 மி.மீ., கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் மூன்றே. 1990-களில் வந்த 1817 சிசி இசுசு பெட்ரோல் என்ஜின் முற்றிலும் வேறு ஜாதி: ஸ்ட்ரோக் 82 மி.மீ., மெயின் ஐந்து. இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும்.

குழப்பம் வருவது பி-சீரிஸ் குடும்பத்துக்குள்ளேயே. 1489 டீசலுக்கும் ஸ்ட்ரோக் 88.9தான். இங்கிலாந்திலிருந்து வரும் எம்ஜிபி காரின் 1798 சிசி என்ஜினுக்கும் அதே 88.9. ஆகவே "ஸ்ட்ரோக் சரியா இருக்கு சார், கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறார். எம்ஜிபி கிராங்கின் மெயின் ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் உருளைப் பகுதி) 2⅛ அங்குலம், நம்முடையது 2 அங்குலம். 1964 அக்டோபருக்குப் பிறகு வந்த எம்ஜிபி என்ஜினில் மெயினே ஐந்தாகிவிட்டது. டீசல் கிராங்கை யாராவது நீட்டினால், கழற்றிய பழைய கிராங்கைப் பக்கத்தில் கிடத்தி ஜர்னல் விட்டம், அகலம், பின்பக்க ஃபிளான்ஜ் (ஃபிளைவீல் பொருந்தும் தட்டு), மூக்கு (முன்முனை) நீளம் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்த பிறகுதான் பேச்சு. பழைய கிராங்க் இரண்டாக உடைந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், சந்தைக்கு அதுதான் அளவுகோல்.

மனதில் வைக்க வேண்டிய எண்கள் குறைவு. ஸ்டாண்டர்டு மெயின் ஜர்னல் 2 அங்குலம் (50.8 மி.மீ.), கனெக்டிங் ராடு உட்காரும் பின் 1.876 அங்குலம் (47.65 மி.மீ.). கிரைண்டிங் பத்து, இருபது, முப்பது, நாற்பது தௌ என்று படியிறங்கும். நாற்பதில் பின் 1.836, மெயின் 1.960, அதற்குக் கீழே ஷெல் பேரிங் (ஜர்னலைச் சுற்றி உட்காரும் அரைவட்டத் தகடுகள்) கிடையாது. முப்பதில் இருக்கும் கிராங்கை வாங்கினால் இன்னும் ஒரே ஒரு கிரைண்டிங்குக்குத்தான் உயிர். அந்தக் கணக்கில்தான் விலை பேச வேண்டும்.

கழித்த மால்

சென்னையில் என்றால் புதுப்பேட்டை. பிரித்த என்ஜின்களின் கிராங்க்குகள் விறகு மாதிரி குவிந்து கிடக்கும். கிராங்க்கைப் படுக்கப் போட்டு அதன்மேல் இன்னொரு டன் இரும்பு ஏற்றி வைத்திருக்கும் குவியலிலிருந்து வாங்கக் கூடாது. மூன்று பேரிங் கிராங்க் மெலிந்தது, வளைந்திருக்க நிறைய வாய்ப்பு. ஃபிளான்ஜ் கீழே இருக்க நிமிர்த்தி வைத்தோ, தொங்கவிட்டோ, கிரீஸ் தடவி வைத்திருக்கும் ஆள் தொழில் தெரிந்தவர். ஒரு ரூபாய் கூடக் கேட்டாலும் அவரிடம் வாங்கலாம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: 1 முதல் 2 அங்குலம் வரை, 2 முதல் 3 அங்குலம் வரை என இரண்டு மைக்ரோமீட்டர், கொஞ்சம் டீசல், பஞ்சு, டார்ச். வெர்னியர் போதாது. 0.02 மி.மீ. வெர்னியரின் ஒரு கோடே கிட்டத்தட்ட முக்கால் தௌ ஆகிவிடும். நாம் தேடும் தேய்மானமும் அந்த அளவுதான். ஒவ்வொரு ஜர்னலையும் முன்னோரம், பின்னோரம் என இரண்டு இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கு நெடுக்காக இரண்டு முறை அளந்தால் ஓவலும் (வட்டம் கெட்டது) டேப்பரும் (ஒரு முனை ஒடுங்கியது) தெரிந்துவிடும். ஒரு தௌவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது கல்லுக்கு, அதாவது கிரைண்டிங்குக்கு, போயே ஆக வேண்டிய கிராங்க். "ஸ்டாண்டர்டு சார், கல்லே படாதது" என்பது அந்தத் தெருவின் தேசிய கீதம். மைக்ரோமீட்டர் 1.866 காட்டினால் சிரித்துக்கொண்டே விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

துரு இரண்டு வகை. பழுப்புக் கறை பாலிஷில் போய்விடும். நகத்தை ஓட்டும்போது தட்டுகிற குழி போகாது. அந்தக் குழி மறையும்வரை அரைத்தால் ஒரு படி கீழே போய்விடும். நீலம் பாய்ந்த ஜர்னல் என்றால் எண்ணெய் இல்லாமல் ஓடிச் சூடேறியது. அதைப் பாலிஷ் போட்டு மறைத்திருந்தாலும் பக்கச் சுவரில், ஃபில்லட்டை (ஜர்னல் பக்கச் சுவரோடு சேரும் மூலை வளைவு) ஒட்டி, நிறம் மிச்சம் இருக்கும்.

தட்டிப் பார்க்கும் வழக்கம் இன்னும் பயனுள்ளதுதான். கயிற்றில் தொங்கவிட்டு எடைக் கன்னத்தில் (ஜர்னல்களை இணைக்கும் கனத்த பக்கத் தகடு) சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல கிராங்க் மணிபோல் ஒலித்து இழுக்கும். விரிசல் விழுந்தது 'டக்' என்று அடங்கும். ஒலித்தால் மட்டும் தேறியதாகிவிடாது. ஃபில்லட்டில் மயிரிழை விரிசல் இருந்தும் பாடும் கிராங்க்குகள் உண்டு. மாக்னடிக் கிராக் டெஸ்ட்தான் கடைசி வார்த்தை: கிராங்கைக் காந்தமாக்கி, ஒளிரும் துகள் கலந்த திரவம் ஊற்றி, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். விரிசல் இருக்கும் இடம் பச்சைக் கோடாக எழும். தேட வேண்டிய இடங்கள் இரண்டு: பின்கள் கன்னத்தோடு சேரும் ஃபில்லட், ஆயில் துளைகளின் வாய். முதல் இரண்டு சிலிண்டருக்கு நடுவிலும் கடைசி இரண்டுக்கு நடுவிலும் இந்த என்ஜினில் தாங்க ஆளில்லை. வேகத்தில் கிராங்க் அங்கே வில்போல் வளைந்து வளைந்து களைத்துப்போகும். டெஸ்ட் முடிந்ததும் காந்தத்தை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். எடுக்காமல் போட்டால் இரும்புத் தூசியெல்லாம் ஜர்னலில் வந்து ஒட்டும்.

பலரும் பார்க்காமல் விடுவது பின்பக்கச் சுருள் காடி. இந்த என்ஜினில் பின்னால் ரப்பர் ஆயில் சீல் கிடையாது. கிராங்கிலேயே வெட்டியிருக்கும் திருகுமரைதான் எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளுகிறது. அந்த மரை அடிபட்டிருந்தாலோ மழுங்கியிருந்தாலோ, மற்றதெல்லாம் பத்துக்குப் பத்து இருந்தாலும் கிளட்ச் எண்ணெயில் குளிக்கும். மூக்கில் சாவிக் காடி அகன்றிருக்கிறதா, ஹேண்டில் நட்டு ஏறும் மரை சரியா, பின்னால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நுழையும் பைலட் புஷ் துளை வட்டமாக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

கிராங்கோடு மெயின் கேப்பையும் சேர்த்துத் தருகிறேன் என்பார்கள். சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கேப்புகள் அந்தந்த பிளாக்கோடு சேர்த்து ஒரே ஓட்டத்தில் போரிங் போட்டவை. அடுத்த பிளாக்கில் உட்காராது.

கொல்கத்தாவின் மல்லிக் பஜாரில் குவியல் இன்னும் பெரிது. பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டி ஓடக் கூடாது என்ற விதியில் மஞ்சள் டாக்ஸிகள் கழிந்தபடி இருப்பதால் மால் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் டாக்ஸி வண்டிகளில் டீசல் அதிகம். பெட்ரோல் கிராங்க் கிடைத்தாலும் டாக்ஸியில் ஓடியது எத்தனை முறை கல்லைப் பார்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நேரில் போய் அளக்காமல் போட்டோவை நம்பிப் பணம் அனுப்புவதென்றால், ஒவ்வொரு ஜர்னலிலும் மைக்ரோமீட்டர் வைத்த படம் கேளுங்கள். லாரி பார்சலில் வரும்போது ஜர்னலுக்கு எண்ணெய்க் காகிதம் சுற்றி மரப்பெட்டிக்குள் ஆடாமல் ஆப்பு வைத்து வர வேண்டும். கோணிப்பையில் கட்டி அனுப்பிய கிராங்க் வந்து சேரும்போது சுருள் காடி போயிருக்கும்.

புது மால்

சென்னை ஜி.பி. ரோட்டிலும் டெல்லி காஷ்மீரி கேட்டிலும் புது கிராங்க் என்று கேட்டால் இரண்டு வகை வரும். ஒன்று கம்பெனி காலத்து மிச்சம்: கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும், பார்ட் நம்பர் அச்சு இருக்கும். கிரீஸைத் துடைத்துத் துருவும் அளவும் பார்த்தால் போதும். இன்னொன்று, பெயர் தெரியாத பட்டறையில் செய்தது. இதில் முதல் கேள்வி, ஃபோர்ஜிங்கா காஸ்டிங்கா. ஒரிஜினல் அடித்துச் செய்த எஃகு. அடித்த கிராங்கின் கன்னங்களில் அச்சு இரண்டும் சேர்ந்த இடம் விரல் அகலப் பட்டையாக, அரைத்த தழும்போடு இருக்கும். வார்த்ததில் அது மெல்லிய கோடு. வார்ப்பிரும்பு கிராங்க் என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. அதற்கென்று வடிவமைத்த என்ஜின்கள் நன்றாகவே ஓடுகின்றன. எஃகுக்காகப் போட்ட மெலிந்த கன்னத்தின் அளவை அப்படியே வார்ப்பில் எடுத்தால்தான் ஆபத்து.

புது மாலில் அடிக்கடி தென்படும் குறைகள் எல்லாமே சின்னவை, எல்லாமே உயிரை வாங்குபவை. ஃபில்லட் வளைவு இல்லாமல் மூலை கூராக இருப்பது. ஆயில் துளையின் வாயைச் சரிவாக்காமல் பிசிறோடு விடுவது. அது பேரிங்கின் வெள்ளை உலோகத்தை ரம்பம்போல் அறுக்கும். ஒரு மெயினிலிருந்து பின்னுக்குப் போகும் துளை பாதியில் முட்டி நிற்பது. வெல்டிங் கம்பியையோ நீளமான ட்ரில் பிட்டையோ விட்டுப் பார்த்தால் இது கடையிலேயே தெரியும். நாலு பின்னின் ஸ்ட்ரோக்கும் ஒன்றாக இல்லாமல் போவது. வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் நான்கையும் உச்சியில் ஒப்பிட்டால் வெளிப்படும். இவ்வளவையும் பார்க்க விடாத கடையில் புது மால் வாங்குவதைவிடப் புதுப்பேட்டைக் குவியலே மேல்.

இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும் வழியும் உண்டு. எம்ஜிஏ 1500, ரைலி 1.5, ஆஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜ் என்று அங்கே 1489 சிசி என்ஜின் போட்ட கார்கள் பல. அவற்றுக்கு உதிரிபாகம் விற்கும் தனிக்கடைகள் இன்னும் இயங்குகின்றன. கிரைண்டிங் முடித்து, கிராக் டெஸ்ட் செய்து, அளவான பேரிங்கோடு ஒரே பெட்டியில் அனுப்புவார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலும் மாற்று முறை: பழைய கிராங்கைத் திருப்பி அனுப்பினால்தான் டெபாசிட் கிடைக்கும். கப்பல் கூலி இரண்டு பக்கமும், சுங்கமும் சேர்த்தால் கணக்கு கசக்கும். ஆர்டர் போடும் முன் ஃபிளைவீல் ஃபிளான்ஜின் போல்ட் எண்ணிக்கையையும் பைலட் புஷ் அளவையும் எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

வெல்டிங்கும் ஸ்பிரேயும்

நாற்பதும் தாண்டிய ஜர்னலில் உலோகம் ஏற்றி மறுபடி ஸ்டாண்டர்டுக்கு அரைத்துத் தரும் பட்டறைகள் இருக்கின்றன. கனமான லாரி கிராங்கில் இது நடக்கும். மெலிந்த மூன்று பேரிங் கிராங்கில் வெல்டிங் சூடு அச்சையே வளைக்கிறது. பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தினால், நிமிர்த்திய அதே ஃபில்லட்டில் விரிசல் பிறக்கிறது. ஸ்பிரே போட்டது, அதாவது உருக்கிய உலோகத்தைத் தெளித்தது, ஒட்டிக்கொண்டிருக்கும் வரை ஓடும். உரிந்தால் ஆயில் பம்ப்வரை போகும். ஒரே ஒரு பின் மட்டும் கெட்ட, மற்றபடி சுத்தமான, மாற்றே கிடைக்காத கிராங்க் என்றால் செய்து பார்க்கலாம். அம்பாசிடருக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை.

கல்லுக்கு அனுப்பும்போது

கிரைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் பேரிங்கை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வரிசையைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்: இருபதுக்கு அரைத்து வந்தபின், மெயின் ஷெல் இருபது கிடைக்கிறது, ராடு ஷெல் முப்பதுதான் கிடைக்கிறது. மெயினும் பின்னும் வேறு வேறு சைஸில் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் மூன்று மெயினும் ஒரே சைஸ், நாலு பின்னும் ஒரே சைஸ். பெட்டி மேல் எழுதியதை நம்பாமல் ஷெல்லின் முதுகில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்.

பட்டறையில் சொல்ல வேண்டியதும் சுருக்கம்தான். பழைய ஃபில்லட் வளைவை ரேடியஸ் கேஜில் பார்த்து, கல்லின் முனையை அதற்கேற்ப டிரெஸ் செய்ய வேண்டும். வளைவு சிறுத்தால் கிராங்க் உடையும், பெருத்தால் ஷெல்லின் ஓரம் அதன்மேல் ஏறி உட்காரும். சுருள் காடியின் பக்கம் கல் போகவே கூடாது. மெயினை அரைக்கும்போது சுருளோடு மையம் விலகாமல் பிடிக்க வேண்டும்; விலகினால் மரை ஒரு பக்கம் பிளாக்கில் உரசும், மறுபக்கம் ஒழுகும். அரைத்தபின் ஆயில் துளை வாயைச் சரிவாக்கி பாலிஷ். நைட்ரைடிங் (மேற்பரப்பைக் கடினமாக்கும் வேலை) செய்தால் செய்தபின் மறுபடி நடு ஜர்னலில் ரன்-அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) பார்க்க வேண்டும். இரண்டு தௌவுக்கு மேல் ஆடினால் ஏற்கக் கூடாது. திருப்பி வாங்கும்போது பில்லில் ஒவ்வொரு ஜர்னலின் முடிவளவையும் எழுதித் தரும் பட்டறை நல்ல பட்டறை. "எல்லாம் சரியா வந்திருக்கு" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் மைக்ரோமீட்டரை எடுங்கள்.

நல்ல கிராங்க்கும் கெட்டுப்போகும் இடங்கள்

அரைத்த தூள் ஆயில் துளைகளுக்குள் இருக்கும். நீண்ட பிரஷ், மண்ணெண்ணெய், காற்று என்று மூன்று சுற்று. பிளாக்கின் ஆயில் கேலரிக்கும் அதே வேலை. முந்தைய கிராங்க் ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் அடுத்ததை ஏற்றினால் அதுவும் அதே வழியில் போகும்; பம்ப்பின் ரோட்டார் இடைவெளியையும் ரிலீஃப் வால்வையும் அப்போதே பார்த்துவிடுவது செலவு மிச்சம்.

ஷெல் போட்டு எண்ணெய் தடவி, மெயின் கேப் ஒவ்வொன்றாக 70 அடி-பவுண்டுக்கு இறுக்கி, ஒவ்வொரு முறையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எந்தக் கேப்பை இறுக்கியதும் சுற்றல் கனக்கிறதோ அங்கே சிக்கல்: கேப் மாறியிருக்கலாம், ஷெல்லுக்குப் பின்னால் தூசி இருக்கலாம், பிளாக்கே கோணியிருக்கலாம். ராடுகள் சாய்வாகப் பிளந்தவை, பெரிய முனை ஒரு பக்கம் தள்ளியிருக்கும். 1-ம் 3-ம் ஒரு ஜோடி, 2-ம் 4-ம் ஒரு ஜோடி. மாற்றிப் போட்டால் பிஸ்டன் கோணும். ராடு போல்ட் 35 அடி-பவுண்ட், லாக் தகடு புதிது.

கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் நடு மெயினில்தான். எண்ணெய்க் காடி கிராங்கின் கன்னத்தைப் பார்க்க வேண்டும். முன்பின் ஆட்டம் இரண்டு முதல் மூன்று தௌ. பழைய கிராங்கில் அந்தக் கன்னம் தேய்ந்திருந்தால் இங்கேதான் தெரியும். கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டியவர்களின் வண்டிக் கிராங்க் இதில் அநேகமாகத் தோற்கும்.

கிராங்க் மாறினால் டைமிங் பல்சக்கரங்களின் வரிசையும் மாறும். கேம் சக்கரத்தின் மேல் நேர்விளிம்பை வைத்து, கிராங்க் சக்கரத்துக்கு உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் எடுத்து, அதில் ஐந்து தௌ கழித்து வரும் தடிமனுக்கு பேக்கிங் வாஷர் சேர்க்க வேண்டும். முன்னால் போடும் ஆயில் த்ரோயரில் (எண்ணெயைச் சீலிலிருந்து விசிறித் தள்ளும் தகடு) எஃப் என்ற எழுத்து வெளியே தெரிய வேண்டும். எழுத்தில்லாத பழைய வகையில் குழிந்த பக்கம் வெளியே. திருப்பிப் போட்டால் முன்பக்க சீல் எத்தனை புதிதாக இருந்தாலும் ஒழுகும். பின் மெயின் கேப்பின் கார்க்கைச் சேமிக்கப் பார்க்காதீர்கள். கிளட்ச்சில் எண்ணெய் வந்ததும் புதுக் கிராங்க் மேல் பழி போடுபவர்களில் பாதிப் பேர் அந்தக் கார்க்கை மறந்தவர்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, கேஜில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரைத் தவணை தவணையாகச் சுற்ற வேண்டும். முள் அசையவில்லை என்றால் பம்ப் காற்றைப் பிடித்திருக்கிறது. ஃபில்டருக்குப் போகும் யூனியனை (குழாய் இணைப்பை) தளர்த்தி எண்ணெய் வருகிறதா பார்த்துவிட்டுத்தான் பிளக் மாட்ட வேண்டும். 20டபிள்யூ-50 எண்ணெய், 500 கிலோமீட்டரில் மாற்றம். வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள்: சாம்பல் நிற மினுமினுப்பு லேசாக இருந்தால் பேரிங் பழகுகிறது, செம்பு நிறம் தெரிந்தால் சம்ப்பை (அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியை) கழற்ற வேண்டும்.